சீரங்காயி மூடிய தவறணை

எட்டாம் மைலில் இருந்த கள்ளு சாராயக் கடைக்கு, எட்டாங்கட்டைத் தவறணைக்கு, பூட்டு விழுந்த அன்று, துக்கம் விசாரிக்க வருகிறவர்களைப் போல ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பசறையிலிருந்து தேயிலைப் பெட்டிகளோடு பதுளைக்குப் போகும் வண்டிக்காரர்கள் வழக்கம்போல மாடுகளை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கதவில் அரசாங்க முத்திரை. மேட்டுத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஆட்கள் தகரக் கூரையின் கீழே குந்திக்கொண்டு, உள்ளே பிணம் கிடப்பதுபோல் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒரு கிழவன் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வேலிக்கு இந்தப் பக்கம் சீரங்காயி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வடை நன்றாகவே விற்றது. துக்கத்திலும் பசிக்கத்தானே செய்யும். "இனிமே உங்க பொழப்பு என்னாகும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஆண்டவன் விட்ட வழி" என்று ஒரே பதிலைச் சொன்னாள். அந்தக் கதவைச் சாத்த வைத்தவள் அவள்தான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கொதிக்கிற எண்ணெயை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பார்கள்.

அவள் அப்படிச் செய்ததற்குக் காரணம் பழையது.

கோப்பிச் செடியெல்லாம் பூஞ்சணம் பிடித்துச் செத்து, தேயிலை தலையெடுத்த காலத்தில், துறையூர்ப் பக்கமிருந்து தாயின் இடுப்பில் வந்தவள் சீரங்காயி. தாய் இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தாள். அதற்குப் பிறகு மேட்டுத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில், யார் யாரோ ஊற்றிய கஞ்சியில் வளர்ந்தாள். கொழுந்துக்கூடை முதுகில் ஏறியபோது கூடை அவளைவிடப் பெரிதாக இருந்தது. வளர்ந்தபோது வாயும் சேர்ந்து வளர்ந்தது. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லாப் பெண்களும் தலைகுனிந்து நிற்கையில், அவள் மட்டும் பெரிய கங்காணி சிவஞானத்தின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். கங்காணிக்கு அது பிடிக்காது. ஆனால் அவளைப்போல் கொழுந்து எடுக்கிறவள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதால் பொறுத்துக்கொண்டார்.

தம்பையா அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். கத்தியைவிட அவனுக்குத் தொண்டைதான் நன்றாக வேலை செய்யும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடந்தால் அவன் பாட்டுக்காகவே பசறையிலிருந்து ஆட்கள் வருவார்கள். மெலிந்த உடம்பு, சிரித்த முகம், எதற்கும் வருத்தப்படத் தெரியாத மனசு. சீரங்காயி அவனைக் கட்டிக்கொண்டபோது தனக்கும் ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். லயத்தில் ஒரே அறையான பத்தடிக் காம்பராவாக இருந்தாலும் வீடு வீடுதான்.

கல்யாணமான புதிதில் அவளைத் தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான். அதன் பின்புறத்தில் ஒரு சன்னல் உண்டு; பெண்டுகளுக்கு அந்த வழியாகத்தான் ஊற்றுவார்கள். அங்கே ஒரு பலகையில் உட்கார்ந்து, கித்துள் பனையில் இறக்கிய கள்ளை அரைக் கோப்பை குடித்துவிட்டு, உள்ளே அவன் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தோட்டத்தில் பொழுது விடிந்தால் பெரட்டு, பொழுது சாய்ந்தால் லயம். எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் பெயரைக் கூப்பிட்டு விரட்டுவார்கள். எட்டாங்கட்டையில் மட்டும் யாரும் யாரையும் விரட்டமாட்டார்கள். வண்டிக்காரர்கள் ஊர்ச்செய்தி கொண்டுவருவார்கள். சம்பந்தம் பேசுவதும், சாவுக்கு ஆள் அனுப்புவதும், கூத்துக்கு வேஷம் பிரிப்பதும் அங்கேதான். மழையில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டால், ஆணும் பெண்ணும் மாடும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழேயே படுத்துக்கொள்வார்கள். அந்த இடத்தை அவளும் நேசித்தாள். பிற்காலத்தில் அவள் மனசை அதிகமாக அறுத்தது அதுதான்.

மகள் ராமலட்சுமி பிறந்து தவழ்ந்து நடந்து பேசத் தொடங்கிய சமயம், பெரிய கங்காணியின் தங்கச்சி வள்ளியம்மையின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். தவறணைக் குத்தகையில் கங்காணி மறைவாக ஒரு பங்கு வைத்திருந்தார். உள்ளே நின்று அளந்து ஊற்றுவதற்கு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. தங்கச்சிக்கு ஒரு துணையும் தேவைப்பட்டது. இரண்டுக்கும் அவர் கண்ணில் பட்டவன் தம்பையா. மலையேறிக் கவ்வாத்து வெட்ட வேண்டாம், மழையில் நனைய வேண்டாம், கூரைக்குள் நின்று ஊற்றிக்கொண்டே பாடலாம் என்றால் தம்பையா எப்படி வேண்டாமென்பான்? தடையாக இருந்தவள் சீரங்காயி ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறணை முற்றத்தில் பஞ்சாயத்து கூடியது. எதற்கென்று தெரியாமலேயே சீரங்காயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். தம்பையா எழுந்து, தன் பெண்டாட்டி கணக்கப்பிள்ளையின் காம்பராவுக்குப் போய் வந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அந்தக் கணக்கப்பிள்ளை போன மாதமே தோட்டத்தை விட்டுப் போயிருந்தார். கேட்பதற்கு ஆளில்லை. பார்த்ததாகச் சாட்சி சொல்ல மட்டும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வாயிலும் சாராய வாடை வீசியது.

"நீ பாத்தியா?" என்று அவள் தம்பையாவைக் கேட்டாள். "என் மொகத்தப் பாத்து சொல்லு, நீ பாத்தியா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாத்தேன்" என்றான்.

தாலியைக் கழற்றச் சொன்னார்கள். தம்பையா ஒரு துரும்பைக் கிள்ளி அவள் காலடியில் போட்டான். அதோடு கல்யாணம் தீர்ந்தது. பிள்ளை தகப்பனுக்கு என்றார்கள். பெரட்டில் அவள் பெயரை வெட்டிவிட்டதாகக் கங்காணி சொன்னார். பெயரில்லாதவள் லயத்தில் படுக்க முடியாது. பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கியபோது, அது அவள் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டது. விரல் விரலாகத்தான் பிரித்தெடுத்தார்கள்.

அவள் பாதை வளைவில் போய் உட்கார்ந்தாள். முற்றத்தில் கங்காணி ஒரு முழுப் பீப்பாயைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தம்பையா பாட ஆரம்பித்தான். அவர்களுடைய கல்யாணத்தன்று அவளைப் பார்த்துக்கொண்டே பாடிய அதே பாட்டு. ஆட்கள் தாளம் தட்டினார்கள். அவள் அழுதது அந்தப் பாட்டு முடியும் வரைக்கும்தான். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழுததை யாரும் பார்த்ததில்லை.

முச்சந்தியில் தவறணைக்கு எதிரே ஜுனைதீன் நானாவின் மளிகைக் கடை இருந்தது. அவர் மனைவி ஸைனப், அன்றைக்கு அவளைக் கடையின் பின்கட்டில் படுக்க வைத்து, மறுநாள் ஒரு பழைய எண்ணெய்ச் சட்டியைக் கொடுத்தாள். "பதுளைக்குப் போயிரு சீரங்காயி. சந்தைக்குப் பக்கத்துல போட்டு வித்தா பொழைச்சுக்கலாம்" என்றாள் ஸைனப்.

"எங்க என்னைத் தள்ளிவிட்டாங்களோ அங்கயேதான் அடுப்பு மூட்டுவேன்" என்றாள் சீரங்காயி.

தவறணை வேலியை ஒட்டி மூன்று கல் கூட்டினாள். வடை, கடலைச் சுண்டல், பொரித்த கருவாடு. ஆறு மாதத்தில் அவள் கைப்பக்குவம் இல்லாமல் அங்கே யாருக்கும் கள் இறங்கவில்லை. பொய்ச்சாட்சி சொன்னவர்களும் வந்து கைநீட்டி வாங்கித் தின்றார்கள். அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில், காந்தாரி மிளகாயை அரைத்துப் போட்டுக் கருவாடு பொரிப்பாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியத் தின்றுவிட்டு, "சீரங்காயி கைக்காரம் யாருக்கும் வராது" என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அது சின்னப் பழி. பெரியது வரும் வரை கையைப் பழக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமே என்று செய்துகொண்டிருந்தாள்.

தம்பையாவை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அதுவும் நாலுபேர் கேட்க. "தம்பையா, கோப்பையக் கழுவிக் குடு." "தம்பையா, ஒன் மாடு வேலிய மேயுது." கட்டியவள் வாயிலிருந்து தன் பெயர் வருவதைக் கேட்டு முதலில் கூனிக்குறுகியவன், பிறகு பழகிக்கொண்டான். எதற்கும் பழகிக்கொள்கிற பிறவி.

ராமலட்சுமி, தகப்பன் கட்டிக்கொண்ட வள்ளியம்மையிடம்தான் வளர்ந்தாள். ஏழெட்டு வயதிருக்கும்போது, தகப்பனுக்குச் சோறு கொண்டு தவறணைக்கு வந்தாள். சீரங்காயி வேலிக்கு மேலாக ஒரு வடையை நீட்டினாள். சிறுமி ஒரு எட்டுப் பின்னால் வைத்து, "ஒங்க கையால வாங்கித் திங்கக்கூடாதுன்னு சின்னாத்தா சொல்லியிருக்கு" என்றாள். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அப்புத்தளைத் தோட்டமொன்றில் கல்யாணமாகி, பொண்ணு மாப்பிள்ளை வண்டி எட்டாங்கட்டையைத் தாண்டியபோதும், தாய் அடுப்பின் முன்னால்தான் இருந்தாள்.

அடுப்பின் முன்னால் இருந்தால் எல்லாம் கண்ணில் படும். தவறணைக்குப் பின்னால் கங்காணியின் மாட்டுப்பட்டி. வரட்டி தட்டச் சாணம் அள்ளப் போகிற சீரங்காயிக்கு, வைக்கோல் வண்டியில் வைக்கோலுக்கு அடியில் என்ன வருகிறது என்பது தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாத பீப்பாய்கள் சாணக்குழிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இறங்குவதைப் பல தடவை பார்த்தாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் யாரிடம் சொல்வது? கேட்கிற ஆள் கங்காணியிடம் கை நனைக்காதவனாக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் வரட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தாள்.

அந்த ஆள் வந்தார். ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்த சமயம் அது. குடியை ஒழிக்க வேண்டுமென்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எட்டாங்கட்டைத் தவறணை வேண்டுமா வேண்டாமா என்று விசாரிக்கப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் பசறை பங்களாவில் உட்கார்ந்திருப்பதாக ஜுனைதீன் நானா சொன்னார். ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறாராம். கங்காணி தன் ஆட்களை வரிசையாக அனுப்பினார். தவறணையால் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லையென்று எல்லாரும் பாடம் ஒப்பித்தார்கள். வடைக்காரியும் வருகிறேன் என்றபோது கங்காணிக்குச் சந்தோஷம். தவறணையால் பிழைக்கிறவள் அதற்கு விரோதமாகவா பேசப்போகிறாள்?

துரை கேட்டதை மொழிபெயர்ப்பவர் சொன்னார். சீரங்காயி சாணக்குழியைச் சொன்னாள். வைக்கோல் வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்பதையும் சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்த துரை, தவறணையை மூடினால் உன் பாடு என்ன ஆகும் என்று கேட்டார்.

"பட்டினி கெடந்து பாத்தவதாங்க. அதனால சாகல" என்றாள்.

நாலாம் நாள் மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். பீப்பாய்கள் வெளியே வந்தன. தவறணைக்குப் பூட்டு விழுந்தது. தோட்டத்துத் துரை பெரிய கங்காணியைக் கூப்பிட்டு, பொழுதுக்குள் எல்லையைத் தாண்டச் சொன்னார். சட்டிபானையும் தங்கச்சியுமாகக் கங்காணி வண்டியேறி எட்டாங்கட்டையைக் கடந்தபோது, சீரங்காயி பாதையின் நடுவில் வந்து நின்றாள்.

"தூரப் பயணம். ஏதாச்சும் சாப்புட்டுப் போங்க கங்காணி" என்றாள்.

அவர் தலைப்பாகைக்கு மேல் போட்டிருந்த துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். தங்கச்சி வள்ளியம்மை அண்ணனோடு இந்தியாவுக்குப் போனாள். தம்பையாவை வா என்று அவர்கள் கூப்பிடவில்லை.

பூட்டு விழுந்து ஒரு வாரம் கழித்து, மத்தியானம் மழை விட்ட நேரத்தில் தம்பையா வந்தான். கையில் ஒரு துணி மூட்டை. தவறணைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலியோரம் கிடந்த காலிப் பீப்பாய் ஒன்றை உருட்டிவந்து அவள் அடுப்புக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. பாட்டுக்காரத் தொண்டை மட்டும் கெடவில்லை.

"போச்சு புள்ள. எல்லாம் போச்சு" என்றான்.

சீரங்காயி அவனுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இந்த நாளுக்குத்தான் அவள் காத்திருந்தாள். அவன் வாயால் அவன் நஷ்டத்தைச் சொல்ல வேண்டும், அதை அவள் உட்கார்ந்து கேட்க வேண்டும். "என்னென்ன போச்சு, சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். பதுளை வண்டிக்காரனுடைய காளை, சிந்திக் கிடந்த சாராயத்தை நக்கிவிட்டு, நுகத்தடியில் பூட்ட விடாமல் மூன்று ஆட்களை ஓடைக்குள் தள்ளிய கதை. பூசாரி தலையில் கரகத்தோடு உள்ளே வந்து ஒரு கோப்பை கேட்ட கதை. மண் சரிந்து பாதை அடைத்த ராத்திரி, வயிற்றுவலி வந்த ஒருத்திக்கு அங்கேயே பிள்ளை பிறந்த கதை.

"அந்தப் புள்ளைக்கு என்ன பேரு வச்சாங்க?" என்று கேட்டாள் சீரங்காயி.

"கள்ளழகர்னு வச்சாங்க. மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. அந்தப் பிள்ளையை முதலில் கையில் வாங்கியவளே அவள்தான். தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பின் சன்னலோரத்துப் பலகையை, அவள் முதல் தடவை கள் குடித்துவிட்டுத் தும்மியதை, அதற்கு உள்ளே இருந்தவர்களெல்லாம் "நூறு வயசு" என்று கத்தியதை எல்லாம் சொன்னான். அவள் கை வடைமாவில் அப்படியே நின்றிருந்தது. கொஞ்ச நேரம் அவர்கள் இரண்டு பேரும் பழைய புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். தான் எதற்காக அவனை உட்கார வைத்தோம் என்பதே அவளுக்கு நழுவிப்போனது.

"ஆனா ஒண்ணு சொல்றேன்" என்றான் தம்பையா, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. "கங்காணி முழுப் பீப்பாயத் தொறந்துவிட்டாரே ஒரு ஞாயித்துக்கெழம, அந்த மாதிரி ஒரு நாள் இனி வராது. எம் பாட்டுக்கு மொத்தச் சனமும் தாளம் போட்டுச்சு. தொண்ட கட்டுற வரைக்கும் விடல. அது மாதிரி நான் எப்பவுமே பாடுனதில்ல."

சீரங்காயி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பாசாங்கு செய்யவில்லை. கண்ணில் அந்த நாளின் சந்தோஷம் அப்படியே இருந்தது.

"அன்னைக்கி எதுக்காகப் பீப்பாயத் தொறந்தாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்காகவோ. என்னமோ பஞ்சாயத்து…" என்று தொடங்கியவன் நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது.

அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவள் ஒவ்வொரு நாளும் எடுத்துத் தீட்டித் தீட்டி வைத்திருந்த அந்த நாள், அவன் மனசில் வெறும் பாட்டாகவும் தாளமாகவும் மட்டும் தங்கியிருந்தது. அவன் பொய் சொன்னதைவிட அது அவளுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

"தவறணைய மூடுனது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

"குடி ஒழிப்புக் கூட்டக்காரனுங்க."

"நாந்தான். சாணக்குழியக் காட்டிக் குடுத்தது நான். ஒன் கங்காணியத் தொரத்துனது நான். ஒன் கையிலேருந்து அளவுக் கோப்பையப் புடுங்குனதும் நாந்தான் தம்பையா."

அவன் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு, "ஆளுங்ககிட்ட நான் இதச் சொன்னா ஒன்ன உயிரோட விடமாட்டாங்க" என்றான்.

"சொல்லு. என்னப் பத்தி நாலுபேரு முன்னால சொல்றது ஒனக்குப் புதுசா?"

அவன் தலை குனிந்துகொண்டது. போக இடமில்லாதவன். லயத்துக் காம்பராவைத் தோட்டம் பூட்டிவிட்டது. "இன்னும் என்ன செய்யணுங்கிற?" என்று கேட்டான்.

"அப்புத்தளைக்கு வா. எம் மககிட்ட வந்து, நீ பஞ்சாயத்துல சொன்னது பொய்யின்னு சொல்லு."

"சொன்னா?"

"மொதல்ல சொல்லு. அப்புறம் பாப்போம்."

அந்த 'அப்புறம் பாப்போம்' அவன் காதில் எப்படி விழும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

மறுநாள் ஜுனைதீன் நானாவின் வண்டியில் பண்டாரவளைக்குப் போய், அங்கிருந்து ரயிலேறினார்கள். அப்புத்தளையில் இறங்கியபோது எதிரில் நிற்பவர் தெரியாத பனிமூட்டம். தோட்டத்துக்கு ஏறும் பாதையில் தம்பையா முன்னே போய், வழுக்குகிற இடங்களில் திரும்பி அவளுக்குக் கை கொடுக்கப் பார்த்தான். அவள் பிடிக்கவில்லை.

ராமலட்சுமி இடுப்பில் கைப்பிள்ளையோடு காம்பரா வாசலில் நின்றாள். தகப்பனையும் அவனுக்குப் பின்னால் நிற்கிறவளையும் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளேயிருந்து அவள் மாமியாரும் வந்து நின்றாள். தம்பையா மழையைப் பற்றிப் பேசினான். ரயிலைப் பற்றிப் பேசினான்.

"சுத்தி வளைக்காத" என்றாள் சீரங்காயி.

"ராமு" என்றான் அவன். "ஒங்க ஆத்தாமேல நான் பஞ்சாயத்துல சொன்னது பொய். அது ஒரு தப்பும் பண்ணல. கங்காணி சொல்லச் சொன்னாரு. எனக்கும் தோதா இருந்துச்சு, சொல்லிட்டேன்."

"அப்ப சாட்சி சொன்னவங்க?"

"சாராயத்துக்குச் சொன்னாங்க. அதுக்குத்தான் ஒங்க ஆத்தா காத்திருந்து கங்காணியத் தொரத்திருச்சு."

"சின்னாத்தா எங்கிட்ட சொல்லிச் சொல்லி வளத்தது?"

ராமலட்சுமி பிள்ளையை மாமியார் கையில் கொடுத்தாள். "நீங்க போங்க" என்றாள் தகப்பனிடம். "இனிமே இந்த வாசலுக்கு வரவேணாம்."

அவன் போய் வேலியோரத்தில் நின்றான். சீரங்காயியின் நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாக இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று இளகியது. மகள் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்து ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"நீங்க ஏன் வரல?" என்று கேட்டாள் ராமலட்சுமி.

"என்னம்மா?"

"வேலிக்கு அந்தப் பக்கந்தான இருந்தீங்க. கங்காணியத் தொரத்துற வரைக்கும் காத்திருக்கத் தெரிஞ்சுது. ஒரு நாளு எங் கையப் புடிச்சு, நான் அப்படிப்பட்டவ இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல."

"நான் சொன்னா நம்பியிருப்பியா?"

"நம்பாமக்கூட இருந்திருப்பேன். சொன்னாங்கன்னாவது இருந்திருக்கும்."

சீரங்காயி மூட்டத்தில் நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மகள், "உள்ள வாங்க. நனையிறீங்க" என்றாள். அன்புமில்லை, கோபமுமில்லை. ஆனால் வாங்க என்றாள்.

உள்ளே போகுமுன் சீரங்காயி வேலியோரம் போனாள். தம்பையா மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, புறப்படத் தயாராக நின்றான், அவளோடு.

"நீ போ" என்றாள்.

"அப்புறம் பாப்போம்னியே."

"பாத்தாச்சு."

அவன் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஹல்துமுல்லைக்கு இறங்கும் பாதையில் நடந்தான். மூட்டத்தில் அவன் மறைந்து வெகுநேரமான பிறகும் அவள் அங்கேயே நின்றிருந்தாள். எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்த காட்சிதான். நினைத்ததைப்போலவே இனிப்பாக இருந்தது. மகள் கேட்ட கேள்வி மட்டும் அந்த இனிப்பைத் தொண்டையிலிருந்து கீழே இறங்க விடவில்லை.

ஜுனைதீன் நானா பிணை நிற்க, தவறணைக் கட்டடத்தைச் சீரங்காயி வாடகைக்கு எடுத்துச் சோற்றுக்கடை போட்டாள். பின் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டாள். ராமலட்சுமி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகளோடு வந்துபோனாள். வருவாள், உதவி செய்வாள், போவாள். விட்டுப்போன வருஷங்களைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தம்பையா ஹல்துமுல்லையில் வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிப் பிழைப்பதாக வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அங்கேயும் ஒரு தவறணை இருந்தது. சாயங்காலமானால் அதன் வாசலில் உட்கார்ந்து, தான் ஒரு பத்தினிமேல் பழி போட்ட கதையைச் சொல்வானாம். பஞ்சாயத்து, பீப்பாய், பாட்டு, அப்புத்தளை என்று ஒன்றுவிடாமல், நடுநடுவே பாடி, அழுது, கேட்கிறவர்களையும் அழவைத்து விடுவானாம். முடிந்ததும் யாராவது ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பார்களாம்.

இதைக் கேட்ட அன்று சீரங்காயியின் கையிலிருந்த அகப்பை சோற்றுப்பானையிலேயே நின்றுவிட்டது.

"நல்லதுதானே? ஒங்க மானத்த ஊரறிய மீட்டுட்டாரு" என்றான் ஒரு வண்டிக்காரன், ஆறுதலாக.

"என் மானத்த வித்தும் குடிச்சான். இப்ப மீட்டும் குடிக்கிறான்" என்றாள் அவள். "அவனுக்கு வாங்கிக் குடுத்தவன் எவனும் இந்தக் கடையில கை நனைக்கக்கூடாது. போய்ச் சொல்லு."

சொன்னபடியே செய்தாள். ஹல்துமுல்லைப் பக்கத்து வண்டிக்காரர்கள் சிலரை, இலையில் உட்கார்ந்தவர்களைக்கூட எழுப்பி அனுப்பியிருக்கிறாள். தம்பையா அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் இருந்தான். அவன் செத்த செய்தியைக் கொண்டுவந்தவனிடம், கொள்ளி வைத்தது யாரென்று மட்டும் கேட்டாள். மருமகன் வந்து வைத்ததாகச் சொன்னான். ராமலட்சுமியும் போயிருந்தாளாம்.

"அவ போகட்டும். அவளுக்கு அப்பன்" என்றாள் சீரங்காயி.

அன்றைக்கு அவள் கடையைச் சாத்தவில்லை. தீட்டென்று தலைக்கு ஊற்றவுமில்லை. பசறை வண்டிகள் வந்து நின்றதும் இலை போட ஆரம்பித்தாள்.